வாசற்படியிலிருந்து தொடங்குங்கள்: மாற்றுத்திறனும் தொழில்நுட்பமும் பேசும் கண்காட்சியை முதல்முறை நடத்துவோருக்கு

நான் நடத்திய முதல் கண்காட்சியின் பொருளே உடலும் கருவியும்தான். செவிக்கருவி, செயற்கைக் கை, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், கண்ணசைவால் இயங்கும் கணினி என்று ஆறு கலைஞர்கள் ஆளுக்கொரு படைப்பு செய்திருந்தார்கள். திறப்பு விழா மாலையில் அவர்களில் ஒருவருடைய நண்பர் மின்சக்கர நாற்காலியில் வந்தார். வாசலில் ஒரே ஒரு படி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. நாலு பேர் தூக்கிவிடலாம் என்று ஓடி வந்தார்கள். மின்நாற்காலி ஆளோடு சேர்ந்தால் நூற்றைம்பது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தூக்கினால் ஆளுக்கும் ஆபத்து, நாற்காலிக்கும் ஆபத்து. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு இடது காது கேட்காது. அப்படியிருந்தும் உள்ளே ஓடிய மூன்று வீடியோக்களில் ஒன்றுக்குத்தான் கேப்ஷன் போட்டிருந்தேன். எனக்கே ஒரு குறை இருப்பதால் மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. இரண்டாவது கண்காட்சிக்கு ஆறு மாதம் ஒதுக்கினேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. அளவுகளை அமெரிக்காவின் 2010 ஏடிஏ (மாற்றுத்திறனாளிகள் சட்டம்) தரத்திலிருந்து எடுத்திருக்கிறேன். உங்கள் நாட்டுக் கட்டட விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முன்

நீங்கள் சிக்கக்கூடிய முதல் பொறி இங்கேதான். "மாற்றுத்திறனும் தொழில்நுட்பமும்" என்று அழைப்பு விடுத்தால், மாற்றுத்திறனாளிகள் யாரையும் கேட்காமல் செய்த கருவிகள் வந்து குவியும். படியேறும் நாற்காலி, சைகையைப் பேச்சாக்கும் கையுறை என்று பார்க்க அசத்தலாக இருக்கும். பயன்படுத்த வேண்டியவர் கேட்டதே இல்லை. வடிவமைப்பாளர் லிஸ் ஜாக்சன் இந்த வகைக்கு "டிசெபிலிட்டி டாங்கிள்" என்று பெயர் வைத்தார். கேலரியில் கூட்டத்தை இழுப்பதும் இவைதான். அதனால் மயங்கிவிடுவீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில படைப்புகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஎல்எஸ் நோயால் உடல் செயலிழந்த சுவரோவியக் கலைஞர் டெம்ப்ட் ஒன், கண்ணசைவாலேயே மறுபடி வரைய 2009இல் உருவானது ஐரைட்டர் என்ற கருவி. மலிவான கேமராவில் செய்தார்கள், நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். 2012இல் கலைஞர் சூ ஆஸ்டின் நீருக்கடியில் ஓடும் சக்கர நாற்காலியில் நீந்தினார். அதைப் பார்த்தவர்களுக்கு நாற்காலி நோயாளியின் பொருளாகத் தெரிந்திருக்காது. 2014இல் பார்க் மெக்ஆர்தர் என்ற கலைஞர், கலை நிறுவனங்களில் பயன்பட்ட இருபது சாய்தளங்களைக் கொண்டுவந்து கேலரித் தரையில் பரப்பிவைத்தார், அவ்வளவுதான். மின்சாரமே இல்லாத படைப்பு. சாய்தளமும் தொழில்நுட்பம்தான் என்று எனக்குப் புரியவைத்தது அது.

நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: இந்தப் படைப்பில் கருவியின் பிடி யார் கையில் இருக்கிறது?

அழைப்பு அறிவிப்பில் மூன்று விஷயம் கவனியுங்கள். விண்ணப்பத்தை எழுத்தாக மட்டும் கேட்காதீர்கள். ஐந்து நிமிட ஒலிப்பதிவையும் சைகை மொழி வீடியோவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். நிதி தருபவர் கேட்டால், எதற்கு என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். கலைஞரை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். "மாற்றுத்திறனாளி" என்பதை விரும்புபவர் உண்டு, "காது கேளாதவர்" என்று நேரடியாகச் சொல்லுங்கள் என்பவரும் உண்டு.

2. அணுகல் கடிதம்

யாரும் எனக்குச் சொல்லித்தராத ஆவணம் இது. படைப்பைத் தேர்ந்தெடுத்த வாரத்திலேயே ஒவ்வொரு கலைஞரிடமும் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலை செய்யத் தனக்கு என்னென்ன தேவை என்று அவர் அதில் எழுதுவார். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடியும், எத்தனை மணிக்கு ஒருமுறை ஓய்வு, உதவியாளர் கூட வருவாரா, அவருடைய பயணச் செலவு யாருடையது, தொலைபேசியா குறுஞ்செய்தியா, மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமா, நாற்காலியை எங்கே சார்ஜ் போடுவது என்பதெல்லாம் இருக்கும்.

நோயின் பெயர் அதில் வேண்டியதில்லை. தேவை போதும். கடிதத்தை நீங்களும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. கியூரேட்டரான நீங்களும் உங்களுக்கு ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்தபோதுதான், சத்தமான அறையில் நடக்கும் கூட்டங்களில் பாதி எனக்குப் புரிவதில்லை என்பதையே ஒப்புக்கொண்டேன்.

3. இடம் பார்க்க டேப்போடு போங்கள்

கேலரிக்காரர் "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று சொல்வதை நம்பாதீர்கள். பொய் சொல்கிறார் என்றில்லை, அவர் அளந்ததில்லை. அஞ்சு மீட்டர் டேப், ஒரு நோட்டு, முடிந்தால் நாற்காலியில் வரும் ஒருவர். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

சாய்தளத்தின் சரிவு 1:12க்கு மேல் போகக் கூடாது. அதாவது 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். வாசலுக்கு வெளியே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலகையைச் சாய்த்து வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி குறைந்தது 81.5 சென்டிமீட்டர். கதவின் அகலத்தை அளக்காதீர்கள், திறந்தபின் நிற்கும் இடைவெளியை அளக்க வேண்டும். நாற்காலி முழுதாகத் திரும்ப 152 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தேவை. இதைப் படைப்புகள் வைத்தபின் அளக்க வேண்டும். காலி அறையில் எல்லா நாற்காலியும் திரும்பும்.

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படைப்புகளை இன்னொரு கண்ணால் பாருங்கள். வெள்ளைக்கோல் தரையைத் தடவிக்கொண்டு வருவது. தரையிலிருந்து 68 சென்டிமீட்டருக்கு மேலே 10 சென்டிமீட்டருக்கு அதிகமாக நீண்டிருக்கும் எதையும் கோலால் கண்டுபிடிக்க முடியாது, நெற்றிதான் கண்டுபிடிக்கும். என் கண்காட்சியில் அப்படி ஒரு திரை இருந்தது. கீழே ஒரு தாழ்வான மேடை போட்டதும் கோல் மேடையில் முட்டியது, நெற்றி தப்பியது.

படங்களை மாட்டும் உயரத்தில் பிடிவாதம் வேண்டாம். நிற்பவரின் கண்ணுக்கென்று நடுப்பகுதி ஏறத்தாழ 145 சென்டிமீட்டரில் வருமாறு மாட்டுவது வழக்கம். நான் 135க்கு இறக்கினேன். நிற்பவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

கழிப்பறையை மறக்காமல் திறந்து பாருங்கள். பல இடங்களில் மாற்றுத்திறனாளி கழிப்பறைதான் துடைப்பம் வைக்கும் அறை.

உட்கார இடம்: ஒவ்வொரு அறையிலும். முதுகு சாயும்படி. கலைஞர் ஃபின்னகன் ஷானன் பெஞ்சையே படைப்பாக்கியவர். இந்தக் கண்காட்சி என்னை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டது, நீங்களும் அப்படி நினைத்தால் உட்காருங்கள் என்ற பொருளில் பெஞ்சின் மேலேயே எழுதிவைத்திருப்பார். அதைப் பார்த்த நாளிலிருந்து நாற்காலி இல்லாத கேலரியில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

4. பணம்

அணுகல் செலவைத் தனி வரியாகப் பட்ஜெட்டின் முதல் வரைவிலேயே போடுங்கள். "மீதமிருந்தால் பார்க்கலாம்" என்றால் மீதமிருக்காது. நான் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கினேன், ஏழில் ஒரு பங்கில் முடிந்தது. சாய்தளத்துக்குப் போனது கொஞ்சம், மனித உழைப்புக்குப் போனதுதான் அதிகம்.

சைகை மொழிபெயர்ப்பாளருக்கு மணிக்கணக்கில் கூலி. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் நிகழ்ச்சிக்கு இரண்டு பேர் வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரே போதும் என்று பேரம் பேசாதீர்கள். கை மட்டுமல்ல, மூளையும் களைத்துவிடும், பிழைகள் வரும். கேப்ஷனுக்கு வீடியோவின் நிமிடக் கணக்கில் கூலி. ஒலி விவரணைக்கு (பார்வையற்றவருக்குப் படைப்பைச் சொல்லால் விவரிக்கும் பதிவு) எழுதுபவர், படிப்பவர், கேட்டுத் திருத்தும் பார்வையற்ற ஆலோசகர் என்று மூன்று கூலி. அந்த மூன்றாவது ஆளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள்.

காசில்லாமல் ஆகும் வேலைகளும் உண்டு. திரைவாசிப்பானில் சோதிக்க என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006இல் தொடங்கியது. விளக்கை மாற்றி வைப்பதும் எழுத்தைப் பெரிதாக்குவதும் பெஞ்சை இழுத்துப் போடுவதும் இலவசம்தான்.

நிதி கேட்டு எழுதும்போது ஐநாவின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். பண்பாட்டு வாழ்வில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைச் சொல்வது அது. கருணையாகக் கேட்கும் விண்ணப்பத்துக்கும் உரிமையாகக் கேட்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

5. படைப்பை இன்னொரு புலனுக்குக் கொண்டுபோவது

நேரம் விழுங்கும் பகுதி இதுதான். குறைந்தது எட்டு வாரம்.

கேப்ஷன். தானாக வரும் கேப்ஷனை அப்படியே விடாதீர்கள். ஒளியும் ஒலியும் சேர்ந்த ஒரு படைப்பில் மென்பொருள் "ஒளி"யையெல்லாம் "ஒலி" ஆக்கி வைத்திருந்தது. கலைஞர் இருட்டைப் பற்றிப் பேச, திரை மௌனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது. ல, ள, ழ மூன்றையும் மனிதர் ஒருவர்தான் சரிபார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் பேசினால் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். செந்தமிழாக மாற்றுவது கலைஞரின் குரலை மாற்றுவது. வார்த்தை அல்லாத ஒலிகளையும் எழுதுங்கள். "இசை" என்று மட்டும் போட்டால் ஒன்றும் சொன்னதாகாது. காது கேளாத கலைஞர் கிறிஸ்டின் சன் கிம், தன் காது கேளாத நண்பர்களிடம் திரைப்படத் துண்டுகளைக் கொடுத்து ஒலிக்குறிப்பு எழுதச் சொல்லி, அதையே 2015இல் ஒரு படைப்பாக்கினார். ஒலிக்குறிப்பு எழுதுவது எவ்வளவு சுதந்திரமான வேலை என்று அதைப் பார்த்தால் புரியும்.

ஒலி விவரணை. முதல்முறை எழுதுபவர்கள் எல்லோரும் "அழகான, மனதை நெகிழவைக்கும் சிற்பம்" என்று எழுதுவார்கள். நானும் எழுதினேன். ஆலோசகர் கேட்டார்: "நெகிழட்டும், என்ன அளவு?" பிறகு எழுதியது இப்படி வந்தது: "முழங்கால் உயரத்தில் ஒரு சக்கரம் படுத்திருக்கிறது. பழைய சக்கர நாற்காலியின் பின்சக்கரம். ரப்பர் இல்லை. ஆரக்கம்பிகளுக்கு நடுவே சிவப்பு ஒயர்கள் நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கின்றன, கூடை முடைவதுபோல. ஒரு கம்பி மட்டும் முறிந்து மேலே நிற்கிறது." அளவு, இடம், பொருள், பிறகு விசித்திரம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் கேட்பவர் அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்.

தொட்டுப் பார்க்கும் பிரதி. மூலத்தைத் தொடவிட முடியாவிட்டால் அதே பொருளில் ஒரு துண்டு வையுங்கள். ஓவியங்களுக்கு வீங்கும் காகிதம் உண்டு. கறுப்பு மையில் அச்சிட்டுச் சூடேற்றும் கருவியில் விட்டால் கறுப்புக் கோடுகள் மட்டும் வெப்பத்தை உறிஞ்சிப் புடைத்துக்கொள்ளும். ஓவியத்தை அப்படியே புடைக்க வைத்தால் விரலுக்குக் குழப்பம்தான். கோடுகளில் பாதியை எடுத்துவிடுங்கள்.

பிரெய்லி. என் அச்சகம் பிரெய்லிப் புள்ளிகளை வழவழப்பான மையில் அழகாக அச்சடித்துக் கொடுத்தது. கையால் தடவினால் ஒன்றும் இல்லை. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிறகு தெரிந்தது. புடைப்பு வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். தலைகீழாக ஒட்டாமல் இருக்க ஒரு மூலையை வெட்டித் தரச் சொல்லுங்கள். பார்வையற்ற எல்லோருக்கும் பிரெய்லி தெரியாது என்பதால் இதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

எழுத்து. பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு இணையப் பக்கங்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. சுவர்க்குறிப்புக்கும் அதையே வைத்துக்கொண்டேன். தமிழ் எழுத்துகளின் சுழியும் புள்ளியும் சிறிய அளவில் ஒட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவில் 24 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய எழுத்துரு வேண்டாம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த குறிப்பேடு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வடிவமைப்பாளரிடம் யூனிகோடுதான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். பிடிஎஃப் வந்ததும் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் பிழைத்தீர்கள்.

செவிக்கருவி அணிபவர்களுக்குக் காந்தச் சுற்று போடலாம். அறையைச் சுற்றி ஓடும் செம்புக் கம்பி, ஒலியைக் காந்தப்புலமாக அனுப்பும், செவிக்கருவியின் "டி" நிலை அதைப் பிடிக்கும். போட்டு முடித்ததும் விளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டுச் சோதியுங்கள். மங்கலாக்கும் ஸ்விட்ச் சில நேரம் உறுமும். என் செவிக்கருவியில் உறுமியது, மற்ற யாருக்கும் கேட்கவில்லை. காது நன்றாகக் கேட்பவரை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

6. கருவிகள் யாருடைய உடலுக்குச் செய்யப்பட்டவை?

உடலசைவைப் பிடிக்கும் கேமராக்களில் பலவும் நிற்கும், இரண்டு கை இரண்டு கால் உள்ள உடலை எதிர்பார்ப்பவை. நாற்காலியில் இருப்பவரின் காலையும் சக்கரத்தையும் குழப்பிக்கொள்ளும், சில நேரம் ஆளே இல்லை என்று நிற்கும். பேச்சை அடையாளம் காணும் மென்பொருள் திக்கும் குரலில் தடுமாறும். மாற்றுத்திறன் பற்றிய படைப்பே மாற்றுத்திறனாளியை அடையாளம் காணாமல் நிற்பதைவிடச் சங்கடம் வேறில்லை. (ஒரு கலைஞர் அந்தத் தோல்வியையே படைப்பாக்கிவிட்டார். அது வேறு கதை.)

அதனால் சோதனைக்கு உட்கார்ந்திருப்பவர், ஒரு கையைப் பயன்படுத்துபவர், மெதுவாக அசைபவர் என்று குறைந்தது மூன்று பேரைக் கூப்பிடுங்கள். நிறுவும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே. கண்ணசைவுக் கருவியை ஒவ்வொருவருக்கும் தனியாக அளவமைக்க வேண்டும். வரிசையில் ஆளுக்குச் சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். தொடுதிரையின் பொத்தான்கள் 122 சென்டிமீட்டருக்கு மேலே போகக் கூடாது. கியூஆர் கோடு எங்கே இருக்கிறது என்று பார்வையற்றவருக்குத் தெரியாது. எல்லாப் படைப்புக்கும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில், விரலில் தட்டுப்படும் சட்டத்தோடு வையுங்கள். ஒளி ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் வலிப்பு வரக்கூடும். அதைக் குறையுங்கள், முடியாதென்றால் அறைக்கு வெளியிலேயே எச்சரிக்கை வையுங்கள். உள்ளே வைத்த எச்சரிக்கையைப் படிப்பதற்குள் மின்னிவிடும்.

7. கையெழுத்து வாங்க வேண்டியவை

கலைஞரோடு போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். படைப்பின் ஒலி விவரணையையும் கேப்ஷனையும் தயாரிக்கவும் வெளியிடவும் அனுமதி, பிரதியைத் தொடவிட அனுமதி, விவரணையைக் கலைஞர் படித்துத் திருத்த ஒரு வாரம். இது இல்லாமல் கடைசி நேரத்தில் "என் படைப்பை வார்த்தையில் சொல்ல முடியாது" என்று ஒருவர் மறுத்தார். அவரைச் சமாதானப்படுத்தப் பத்து நாள் போனது.

பார்வையாளரின் முகத்தையோ குரலையோ பதிவு செய்யும் படைப்பு இருந்தால் ஒப்புதல் படிவம் வேண்டும், அதை எளிய தமிழிலும் ஒலியிலும் வையுங்கள். பதிவு எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று எழுதுங்கள். காப்பீட்டாளரிடம் "பார்வையாளர்கள் பிரதிகளைத் தொடுவார்கள்" என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

8. அழைப்பிதழ்

"அனைவரும் வருக" என்பது தகவல் அல்ல. படி இருக்கிறதா, சாய்தளம் எந்த வாசலில், கழிப்பறை எப்படி, எந்த நாளில் சைகை மொழி, எந்த அறையில் சத்தமும் இருட்டும், எந்த மணி நேரத்தில் கூட்டம் குறைவு என்று எழுதுங்கள். இல்லாததையும் எழுதுங்கள். லிஃப்ட் இல்லை என்று முன்பே தெரிந்தால் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பாமல் இருக்கலாம், அல்லது உங்களைக் கூப்பிட்டு வழி கேட்கலாம். வந்து நின்று திரும்புவதுதான் கொடுமை. தொடர்புக்குத் தொலைபேசியும் குறுஞ்செய்தியும் இரண்டும் கொடுங்கள். படமாக மட்டும் அழைப்பிதழ் அனுப்பினால் திரைவாசிப்பான் "படம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

9. நாள்காட்டி

திறப்பு நாளுக்கு 24 வாரம் முன்பு பட்ஜெட்டும் இடமும். 20இல் தேர்வு, அணுகல் கடிதம். மொழிபெயர்ப்பாளரை 12 வாரம் முன்பே பதிவு செய்யுங்கள், இருப்பவர்கள் குறைவு. விவரணை, கேப்ஷன் வேலைகள் 10 வாரம் முன்பு தொடங்கட்டும். அதற்குள் முடியாத படைப்புக்கு வரைவை வைத்து எழுதிப் பின்னால் திருத்தலாம். அழைப்பிதழ் 6 வாரம் முன்பு. மொழிபெயர்ப்பாளருக்குப் பேச்சுகளின் எழுத்து வடிவமும் கலைச்சொற்களும் ஒரு வாரம் முன்பு போய்ச் சேர வேண்டும்.

10. திறப்பு நாளும் அதற்குப் பிறகும்

புரொஜெக்டருக்காக விளக்கை அணைப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் இருட்டில் நிற்பார். அவர்மேல் தனி விளக்கு ஒன்று போடுங்கள். பேசுபவர் எல்லோரும் மைக்கில் பேச வேண்டும், "எனக்குச் சத்தமான குரல்" என்பவரும்கூட. வரவேற்பில் நிற்பவர் கேட்க வேண்டியது "உதவி வேண்டுமா" என்ற ஒன்றுதான். பதில் வருமுன் நாற்காலியின் கைப்பிடியைத் தொடக் கூடாது.

முடிந்ததும் கேப்ஷன் கோப்புகளையும் விவரணைப் பதிவுகளையும் கலைஞர்களிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த ஊருக்கு அவை படைப்போடு போகும். சாய்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தால் கண்காட்சி முடியும் நாளோடு வாடகையை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். மறுநாள் காலை தன் படைப்பைக் கழற்றி எடுத்துப் போகச் சக்கர நாற்காலியில் கலைஞர் வந்தபோது, வாசலில் மறுபடியும் அந்த ஒரு படிதான் இருந்தது.